கேமராவுக்குக் கீழே

நியெண்டோ, மசாகா
செப்டம்பர் 20

அக்காவுக்கு,

உழைத்ததற்கு நன்றி. நம் ஊர் வணக்கம் மடத்துக்கும் பொருந்தும்: நீ அங்கே செய்வது ஜெபமும் தோட்டவேலையும்தான் என்றாலும் அதுவும் உழைப்புதானே. மடத்துத் தாய் அவர்களே, இந்தக் கடிதம் முதலில் உங்கள் கைக்குத்தான் வரும் என்று தெரியும். உங்களுக்கும் நன்றி. படித்துவிட்டு மறக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் சுகம். ஏணியிலிருந்து விழுந்து அடிபட்ட இடுப்பு சரியாகிவிட்டது. உன் இருமல் எப்படி?

நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். கடல் தாண்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகம். நான் அங்கே போகவில்லை, அதுதான் லேப்டாப் வழியாக என் வீட்டுக்கு வருகிறது. பாடம், விண்கலங்கள். அவற்றை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படி மேலே நிறுத்துகிறார்கள், அங்கிருந்து எப்படிப் பேசவைக்கிறார்கள் என்பதெல்லாம்.

சிரிக்காதே. பதினோரு வருஷமாகக் கூரை கூரையாக ஏறி டிவி தட்டு மாட்டுகிறேன். நம் ஊரில் தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்துதான் கிடக்கும். மழைத் தண்ணீர் தேங்கும், காக்கை வந்து குளிக்கும். செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே இருப்பதால்தான் அப்படி. இத்தனை வருஷமாக அதன் முகத்தைப் பார்த்துத் தட்டைத் திருப்பியிருக்கிறேன், அது யார் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பது பொய். புதிதாக வருகிற தரைநிலையத்துக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். செயற்கைக்கோளோடு உட்கார்ந்து பேசுகிற இடம் அது. இந்தப் படிப்பில் தேறிய சான்று இருந்தால் போதும், பட்டம் வேண்டாமாம். ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இப்போது முப்பத்தைந்து. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

அடுத்த கடிதத்தில் நீ செங்காவைப் பற்றிக் கேட்பாய். கேட்காதே. அப்பாவோடு கூடப் பிறந்த அத்தை, நம்மை வளர்த்தவர், எல்லாம் சரி. மூன்று வருஷத்துக்கு முன் நான் ஒரு கூரையிலிருந்து இறங்கும்போது எதிரே வந்தார். இடுப்பில் இடுக்கியும் ஸ்பேனரும் தொங்க, நம் ஊர்ப் பெண்கள் மாதிரி முட்டி போடாமல் நின்றபடியே வணக்கம் சொன்னேன். "நின்னுக்கிட்டே வணக்கம் சொல்றவ வாசலை நான் மிதிக்கமாட்டேன்" என்றார். "என் முட்டி ஏணிக்குத்தான் செங்கா, தரைக்கு இல்ல" என்றேன். தெருவே கேட்டது. இன்றுவரை அவர் வரவில்லை, நானும் போகவில்லை.

உன் தங்கை,
நலுமான்சி


மடம்
அக்டோபர் 12

அன்புள்ள நலுமான்சிக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் ஏணியையும் காப்பாராக. இருமல் போய்விட்டது. தாய் உன் வணக்கத்தை வாசித்துவிட்டு, "உன் தங்கச்சி தபால் உறையைப் பார்த்துக்கூடப் பேசுவா போல" என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச அனுமதி உள்ள நேரத்தில் உன் படிப்பைப் பற்றிச் சொன்னேன். சகோதரிகளுக்கு ஒரே சந்தேகம்: அந்தக் கோள் மேலேயே நிற்கிறதே, ஏன் விழவில்லை? நீ எழுதும்வரை விடமாட்டார்கள்.

செங்காவைப் பற்றிக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் அவருக்கு எழுபது வயது ஆகிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

தேர்வு எந்த நாள் என்று எழுது. அன்று உனக்காக ஜெபம் வைக்க வேண்டும்.

அக்கா,
சகோதரி பெர்னதெத்


நியெண்டோ
நவம்பர் 9

அக்காவுக்கு,

உழைத்ததற்கு நன்றி. இங்கே வெட்டுக்கிளி சீசன். மசாகா முழுக்க வறுத்த வாசனை. உனக்கு ஒரு பொட்டலம் அனுப்பலாம் என்றால் தாய் நடுவில் பிரித்துப் பார்ப்பார்கள், மிச்சம் இருக்குமா தெரியாது.

சகோதரிகளுக்குச் சொல்: அது விழாமல் இல்லை. விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் அத்தனை வேகமாக ஓடுவதால் விழ விழப் பூமி அதன் கீழே வளைந்து போய்விடுகிறது. பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு நிற்கிற மாதிரி தெரிகிறது. அப்படியும் அது மெல்ல மெல்ல நகர்ந்துவிடும், கீழேயிருந்து ஒருவர் கவனித்து அவ்வப்போது லேசாகத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தத் தள்ளிக் கொடுக்கிற ஆள் நானாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடு.

பாடம் சுலபமில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகும், பேராசிரியர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். கூடவே கூரை ஏறுகிற பையன்கள் என்னை "டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிடட்டும்.

தேர்வு ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, காலையில். வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் லேப்டாப் கேமரா என் முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நாற்காலியை விட்டு எழக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. உங்கள் மடத்தை விடக் கடுமை.

நலுமான்சி


மடம்
டிசம்பர் 27

அன்புள்ள நலுமான்சிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. சுகமாக இரு. நாங்கள் எல்லோரும் சுகம். நீ எழுதிய பதிலைக் கேட்டு மூத்த சகோதரி ஒருவர், "அப்போ அதுவும் நம்ம மாதிரிதான், ஓடுறது வெளிய தெரியாது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை உனக்காக நான் மட்டும் ஜெபிக்கப் போவதில்லை. தைரியமாக எழுது.

பெர்னதெத்


நியெண்டோ
பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நன்றி, வணக்கம், சுகம். எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். கோபத்தில் எழுதுகிறேன்.

நான் காப்பி அடித்தேனாம்!

தேர்வு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். அப்போது ஒருவர் வந்தார். நான் கேமராவை விட்டு விலக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் சிவப்பு எழுத்து. தேர்வை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று கடிதம் வந்தது. "தேர்வர் கேமராவுக்குக் கீழே மறைந்தார். கண்ணில் படாத ஒரு நபருடன் மாறி மாறி முனகல் ஒலிகளைப் பரிமாறினார். ஒலிகள் ஒழுங்கான இடைவெளியில் இருந்ததால் அவை விடைகளைத் தெரிவிக்கும் சமிக்ஞைகள் எனக் கருதப்படுகிறது." இப்படி எழுதியிருக்கிறார்கள். சமிக்ஞையாம். நான் என்ன, செயற்கைக்கோளா?

தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மன்னித்து ஏப்ரலில் மறுதேர்வு தருவார்களாம். போடாவிட்டால் விசாரணை. அதில் தோற்றால் படிப்பே ரத்து, தரைநிலையமும் போச்சு.

நான் காப்பி அடிக்கவில்லை அக்கா. நீயாவது நம்பு.

நலுமான்சி


மடம்
பிப்ரவரி 12

அன்புள்ள நலுமான்சிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. நம்புகிறேன். இதைக் கேட்கவே வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. "ஒருவர் வந்தார்" என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டு ஆட்டைக்கூடப் பெயர் சொல்லி எழுதுகிறவள் நீ. யார் வந்தது?

வரும் புதன்கிழமை தபசுகாலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறுவரை எனக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இல்லை, வாங்கவும் அனுமதி இல்லை. அதனால் அவசரமாகச் சொல்கிறேன்: கையெழுத்துப் போட்டுவிடு. அவர்கள் உன்னைத் தெரியாதவர்கள். ஒரு காகிதத்தில் தாழ்ந்து போனால் குறைந்தா போய்விடுவாய்? நாங்கள் இங்கே செய்யாத குற்றத்துக்கும் மன்னிப்புக் கேட்டுப் பழகியிருக்கிறோம். உன் வயதை நினைத்துப் பார். இன்னொரு வாய்ப்பு வராது.

பெர்னதெத்


நியெண்டோ
பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உழைத்ததற்கு நன்றி. நீ இதை உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் வாசிப்பாய். அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடமாட்டேன். தாழ்ச்சி வேறு, பொய் வேறு. இது உனக்குத் தெரியாதா? மடத்துக்குப் போகாதே என்று குடும்பமே காலில் விழுந்தபோது நீ யாருக்காவது தாழ்ந்து போனாயா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். எனக்கு மட்டும் உபதேசமா?

யார் வந்தது என்று கேட்டாய். செங்கா.

தேர்வு நடுவில் கதவில் நிழலாடியது. முதலில் கோமேசி உடையின் கூர்த்தோள் தெரிந்தது, அப்புறம் இடுப்புப் பட்டை. மூன்று வருஷமாக என் வாசலை மிதிக்காதவர் வாழையிலையில் கட்டி அவித்த வாழைக்காய் மடோக்கேயும் கடலைக் குழம்புமாக உள்ளே வந்து நிற்கிறார். நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் "செங்கா, தேர்வு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். நாற்காலியிலிருந்து அப்படியே வழுக்கித் தரையில் முழங்காலிட்டுவிட்டேன்.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா செங்கா?"

"தூங்கினேன். நீ?"

"தூங்கினேன் செங்கா."

"ம்ம்."

"ஈஈ."

"ம்ம்."

"வீட்ல எல்லாரும்?"

"இருக்காங்க. ம்ம்."

"ஈஈ."

உனக்குத் தெரியுமே, நம் வணக்கம் ஆரம்பித்தால் லேசில் முடியாது. மூன்று வருஷ பாக்கி வேறு. அவர் குரல் உடைந்தது, என் குரலும் உடைந்தது. அவர் ஒரு ம்ம் விடுவார், நான் ஒரு ஈஈ விடுவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால் திரை சிவப்பு.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் வெட்கம். இந்த ஊரில் முட்டி போடாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயரை எத்தனை பெருமையாகச் சுமந்தேன்! என் கால் என்னைக் கேட்காமல் மடங்கிவிட்டது. கூரைப் பையன்களுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது வெட்கமில்லை, கோபம்தான் இருக்கிறது. அவர்கள் சமிக்ஞை என்று எழுதியிருப்பது செங்கா என்னை மன்னித்த சத்தம். அதைக் குற்றம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமா? படிப்பு போனாலும் போகட்டும். விசாரணை கேட்டு எழுதிவிட்டேன்.

நலுமான்சி


நியெண்டோ
மார்ச் 16

அக்காவுக்கு,

நன்றி, வணக்கம். பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

விசாரணை நேற்று, லேப்டாப்பிலேயே நடந்தது. திரையில் மூன்று பேர். நடுவில் தலைவி அம்மா, ஒரு பக்கம் ஓர் இளைஞர், மறுபக்கம் ஒரு கிழப் பேராசிரியர். நான் நடந்ததைச் சொன்னேன். "வணக்கம் சொல்வதற்கு இத்தனை நேரமா?" என்று இளைஞர் கேட்டார், நம்பாமல். அன்று வந்த நபரைக் கூப்பிடச் சொன்னார்கள்.

செங்கா தயாராகத்தான் இருந்தார். பூசைக்குப் போகிற கோமேசி, மடியில் கைப்பை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜனவரி மாதம் அந்த அறைக்குள் நுழைந்தது நீங்களா?" என்றார் தலைவி. நான் மொழிபெயர்த்தேன். செங்கா வாயைத் திறக்கவில்லை.

"நான் பேசுவது கேட்கிறதா?"

குனிந்து, "செங்கா, பதில் சொல்லுங்க, என் படிப்பு" என்றேன்.

"என்னடி பதில்? முன்னப் பின்ன தெரியாதவங்க, ராத்திரி தூங்கினியான்னு ஒரு வார்த்தை கேக்கல. நேரா விசாரணையா? போலீஸ்காரன்கூட எங்கிட்ட முதல்ல சுகம் விசாரிப்பான்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. தலைவியின் முகம் சிவந்தது. கிழப் பேராசிரியர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா அம்மா?" என்றார்.

"தூங்கினேன். நீங்க?"

"தூங்கினேன்."

"ம்ம்" என்றார் செங்கா. பேராசிரியர் விழித்தார். "ஈஈ சொல்லுங்க" என்றேன். "ஈஈ" என்றார். "ம்ம்" என்றார் செங்கா. அவர் மறுபடி "ஈஈ." வீட்டில் எல்லோரும் எப்படி, ம்ம், ஈஈ, மழை உண்டா, ம்ம், ஈஈ. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, நிறுத்தவே இல்லை. இளைஞர் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பதிவில் இருப்பது இதே ஒலிதான்."

சமிக்ஞை என்ற குற்றச்சாட்டை அடித்துவிட்டார்கள். ஆனால் தேர்வு அரைகுறை என்பதால் ஏப்ரலில் மறுதேர்வு. தலைவி அம்மா விடவில்லை. "பார்வையை விட்டு விலகியது தவறு என்றாவது எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

"விலகினேன்னு எழுதித் தர்றேன், தவறுன்னு எழுதமாட்டேன். கதவையும் பூட்டமாட்டேன். பட்டப்பகல்ல பூட்டினா ஊரே வந்து தட்டும், உள்ள யாருக்கு என்ன ஆச்சுன்னு" என்றேன்.

அப்படியானால் நேர்மையானவர் என்று ஊர் ஒப்புக்கொள்கிற ஒருவர் அறையில் கண்காணிப்பாளராக உட்கார வேண்டும், முடிந்ததும் அறிக்கை தர வேண்டும் என்றார்கள். செங்கா என்றேன். சொந்தக்காரராயிற்றே என்றார்கள். "நியெண்டோவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இவர். அப்போ பிறந்த பிள்ளைங்க எல்லாருடைய பிறந்த தேதிக்கும் இவர் கையெழுத்துதான் சாட்சி. அரசாங்கமே நம்புது, நீங்க நம்பமாட்டீங்களா?" என்றேன். கிழவர் கையைத் தூக்கினார், இளைஞரும் தூக்கினார். தலைவி தூக்கவில்லை. பரவாயில்லை, இரண்டு போதும்.

நலுமான்சி


மடம்
ஏப்ரல் 7

அன்புள்ள நலுமான்சிக்கு,

உயிர்த்த ஆண்டவர் வாழ்க! தாய் உன் இரண்டு கடிதங்களையும் நேற்று ஒன்றாகக் கொடுத்தார்கள். "வரிசையாப் படி, முதல் கடுதாசிலயே அழுது நிறுத்திடாதே" என்றார்கள். அவர்கள் எப்போது வாசித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதலில் என் கணக்கைத் தீர்க்கிறேன். டிசம்பரில் நான் செங்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "நலுமான்சிக்கு அன்று பெரிய தேர்வு. நீங்கள் போய் ஆசீர்வதித்தால் ஜெயிப்பாள்" என்று. தேர்வுக்கு முன்னால் என்று எழுத மறந்துவிட்டேன். யாரோடும் பேசக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், அதையும் அவருக்குச் சொல்லவில்லை. பிப்ரவரியில் உன் கடிதத்தில் "ஒருவர்" என்று வாசித்ததுமே அது செங்காதான் என்று சந்தேகப்பட்டேன். அதனால்தான் யார் என்று கேட்டேன், அதனால்தான் கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தினேன். தாழ்ச்சி கீழ்ச்சி ஒன்றும் இல்லை. என்னால் வந்த வினை சீக்கிரம் முடியட்டும் என்ற பயம்.

அந்தப் புத்திமதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ போடாதது நல்லதாயிற்று.

காலைப் பற்றி ஒன்று. நான் தினமும் எத்தனையோ தடவை முழங்காலிடுகிறேன். யாரும் அதைக் கொண்டு என்னைக் கோழை என்று சொன்னதில்லை, நானும் விட்டதில்லை. ஊர் முன்னால் செங்காவிடம் முட்டி போடாமல் நின்றதும் நீதான், அன்று தரையில் இறங்கியதும் நீதான். எதையும் யாரிடமும் ஒளிக்காதே.

தேர்வு அன்று இந்த மடத்தில் யாரும் உனக்காக எந்த ஆளையும் எங்கேயும் அனுப்பமாட்டோம். சத்தியம்.

பெர்னதெத்


நியெண்டோ
மே 4

அக்காவுக்கு,

உழைத்ததற்கு நன்றி, தாய் அவர்களே உங்களுக்கும்தான்.

பாஸ்! நேற்று வந்தது. தரைநிலையத்துக்கு விண்ணப்பம் இன்று காலை போய்விட்டது. எடுக்கிறார்களோ இல்லையோ, என் பெயருக்குப் பக்கத்தில் காப்பி என்ற சொல் இல்லை. நீ செங்காவுக்கு எழுதியதற்கு உன்னை வையலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. நீ எழுதாமலிருந்தால் அவர் என் வாசலுக்கு வந்தே இருக்கமாட்டார்.

தேர்வு நடந்த விதத்தைச் சொல்கிறேன். கூரைப் பையன்களிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் தெருமுனையில் நின்று வருகிற போகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினான். செங்கா விடிந்ததுமே வந்துவிட்டார். நான் நாற்காலியிலிருந்து இறங்கப் போனேன், கையை நீட்டித் தடுத்தார்.

"உக்காருடி. இன்னிக்கு எனக்கு நீ வணக்கம் சொல்லக்கூடாது. நான் வேலையில இருக்கேன்."

மூலையில் உட்கார்ந்தார். தும்மல் வந்தபோதுகூடக் கோமேசிப் பட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். வணக்கம் சொல்லப்படாமல் அத்தனை நேரம் ஓர் அறையில் அவர் உட்கார்ந்ததை இந்த ஊர் பார்த்ததில்லை. எரிபொருள் கணக்கில் நான் சிக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டபோது அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, சுவரையே முறைத்தார்.

முடித்து அனுப்பினேன். கேமராவை அணைக்கவில்லை. அணைக்கலாம், தேர்வுதான் முடிந்துவிட்டதே. வேண்டுமென்றே விட்டுவைத்தேன். எழுந்தேன், அவர் முன்னால் போனேன், முழங்காலிட்டேன். இந்த முறை என் கால் என்னைக் கேட்டுக்கொண்டுதான் மடங்கியது. வேண்டும் என்று நான் சொன்னேன்.

அவர்தான் முதலில் பேசினார். "உழைச்சதுக்கு நன்றிம்மா."

பதினோரு வருஷம் கூரை ஏறியிருக்கிறேன். அவர் அதை எனக்குச் சொன்னதில்லை. எனக்கு ஈஈ வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிறகு அறிக்கை. அவருக்கு ஆங்கிலம் எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டிருந்தது. கடைசிக் கேள்வி, தேர்வர் எப்போதாவது கேமராவை விட்டு விலகினாரா என்பது. இல்லை என்று போட்டுவிடவா என்று கேட்டேன். தேர்வு முடிந்த பிறகு விலகியது கணக்கில் வராதே.

"பொய் எழுதாதே" என்றார். "ஆமான்னு எழுது. தேர்வு முடிஞ்சதும் விலகினா. முட்டி போட்டு எனக்கு வணக்கம் சொன்னா. எவ்வளவு நேரம் ஆகணுமோ அவ்வளவு நேரம் ஆச்சு. எழுதினியா? கீழ என் பேரைப் போடு, கையெழுத்து நான் போடுறேன்."

உன் தங்கை,
நலுமான்சி